ஒரே ஒரு சின்ன மாத்தம், டீச்சர்

கடைக்காரருக்கு புரோகிராம் எழுதிக் கொடுப்பது சட்டை தைத்துக் கொடுப்பது மாதிரிதான். என்ன, சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர் "கை செத்த இறக்கமா இருக்கு" என்று ஆயுசுக்கும் திரும்பி வந்துகொண்டே இருப்பார்.

நீங்களும் யாருக்காவது எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு, ஒரே ஒரு சின்ன மாத்தம்" என்ற வாசகத்தைக் கேட்டவர் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் இராஜபாளையத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் ஊருக்கெல்லாம் நான் டீச்சர். ஆர்டர் எடுப்பது, சரக்கு இருப்பைக் காட்டுவது, பில் அடிப்பது, இந்த மூன்றையும் செய்கிற ஒரு புரோகிராமை எழுதினேன். ஒரே புரோகிராம், எல்லாக் கடைக்கும் அதுவேதான், யாருக்கும் எதையும் மாற்ற வேண்டாம் என்பது என் திட்டம். சிரிக்காதீர்கள்.

என் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு பக்கத்து மம்சாபுரத்தில். நான் நாள் முழுக்கக் கடை கடையாக அலைந்துவிட்டு வருவதைப் பார்த்து ஒருநாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நீ பக்கத்துல நிக்காம அது ஓடணும். அன்னைக்குத்தான் அது தொழில். அதுவரைக்கும் கூலி வேலைதான். ரொம்ப நாளைக்கு இப்படியே விடமாட்டேன். பொறவு சென்னைக்குப் போயி அண்ணன் பாத்துச் சொல்லுற கம்பெனியில சேந்துரணும்."

எனக்குச் சென்னைக்குப் போக மனமில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. இங்கே நான் எழுதியது முழுசாக என்னுடையது, தப்பு உட்பட. அங்கே போனால் யாரோ எழுதியதில் ஒரு மூலையைத் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆகவே நான் பக்கத்தில் நிற்காமல் அது ஓடுகிற அந்த ஒரு நாளுக்காகத்தான் கீழே வரும் பாடெல்லாம்.

ராஜா என்று தேடினால்

முதல் கிராக்கி இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கிற ஒரு முதலாளி. வாங்குகிறவர் பெயரின் ஒரு பகுதியைத் தட்டினால் போதும், அவருடைய ஆர்டர் எல்லாம் வந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னேன். முதலாளி ஒற்றை விரலால் R, A, J, A என்று தட்டினார். பாதி ஊர் வந்து நின்றது. இந்த ஊரில் ராஜா என்று தேடுவதும் ஆற்றில் இறங்கித் தண்ணீரைத் தேடுவதும் ஒன்றுதான் என்பது மம்சாபுரத்தில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாடம் படித்தது மதுரையில், அதனால் மறந்துவிட்டது.

"நாங்க பேரை வச்சா ஆளைக் கண்டுபிடிக்கோம்? அடையாளத்த வச்சுத்தான" என்றார் முதலாளி. சரியென்று 'அடையாளம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். கண்ணாடி ராஜா, புல்லட் ராஜா, தண்ணித்தொட்டித் தெரு ராஜா என்று ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். தேடுதல் பிரமாதமாக வேலை செய்தது. பெயருக்குக் கீழே உள்ள கட்டம் பில்லிலும் அச்சாகும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. யாரும் என்றால் நான்தான்.

அடுத்த வாரம் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். அவர் பெயருக்குக் கீழே 'பேரம் பேசுறவர்' என்று இங்கிலீஷ் எழுத்தில் அச்சாகியிருந்தது. முதலாளி எழுந்து நின்றுவிட்டார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஏதோ வயரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். வந்தவர் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: "எழுத்துலயே போட்டுட்டீங்க. அப்ப பேசிருவோம், என்ன குறைப்பீங்க?"

முதல் வரி

அடுத்தது ஒரு மிளகாய் வத்தல் மண்டி. அங்கே மூட்டை எண்ணுகிறவர்கள் ஒன்று என்று ஆரம்பிக்கமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். மண்டி அண்ணாச்சி என் பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முதல் வரியில் வரிசை எண் 1 என்று இருந்தது. "எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த மண்டியில யாரும் ஒண்ணுன்னு சொன்னதில்ல, டீச்சர். ஒரே ஒரு சின்ன மாத்தம்" என்றார்.

ஒன்றுக்குப் பதிலாக இங்கிலீஷ் எழுத்தில் LABAM என்று வருகிற மாதிரி மாற்றினேன். அரை மணி நேர வேலை என்று சொல்லி மூன்று நாள் ஆனது வேறு விஷயம். மாற்றி அச்சடித்தால் பில் இரண்டில் ஆரம்பித்தது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் வரிசையாக வந்து, கடைசி வரியில் லாபம் நின்றது. எண்ணுக்குப் பிறகுதான் எழுத்து என்பது கம்ப்யூட்டரின் சட்டம். மண்டியின் சட்டம் அதற்குத் தெரியாது.

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிளாப்பியைப் பையில் இருந்து எடுத்தேன். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். பில்லை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். "விடுங்க டீச்சர். எல்லாம் போக மிச்சம் இருந்தாத்தான லாபம், மிஷினு வெவரமாத்தான் போட்டிருக்கு."

இல்லை என்று சொல்லாத கடை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருந்த அண்ணாச்சிதான் இந்தக் கதையின் மீதிப் பாதிக்கும் பொறுப்பு. தங்கமான மனிதர். அதுதான் சங்கடமே. கோபித்துக்கொள்கிற ஆளாக இருந்தால் நாமும் கோபித்துக்கொண்டு வந்துவிடலாம்.

அவர் கடையில் புரோகிராமைப் போட்ட மறுநாள் காலையில் போன் வந்தது. உடனே வரச் சொன்னார். போனால் கம்ப்யூட்டர் திரைமேல் ஒரு துண்டு தொங்குகிறது. துண்டை விலக்கினேன். இருப்பு தீர்ந்துபோன அரைக் கிலோ டப்பாவுக்கு நேராக NIL என்று இருந்தது. "கடையத் தெறந்து சாமி கும்பிட்டுட்டுத் திரும்புதேன், இல்லங்குது. ஒரு கடையில சொல்லக் கூடாத சொல்லு அது ஒண்ணுதான், டீச்சர்" என்றார். சரக்கு தீர்ந்துவிட்டால் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கு வரும்னு சொல்லுவோம்." நாளைக்கும் வராவிட்டால்? "நாளைக்கும் அதையேதான் சொல்லுவோம்."

பூஜ்யம் என்றால் NALAIKKU VARUM என்று காட்டும்படி மாற்றிக் கொடுத்தேன். அண்ணாச்சிக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்குத்தான் சோர்வு. பேண்டேஜ் துணிக்கு ஒரு புரோகிராம், வத்தலுக்கு ஒன்று, பால்கோவாவுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது; மூன்றும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று பெற்ற நானே சொன்னாலும் நம்பமாட்டீர்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அப்ப நாளைக்கும் போகணுமாக்கும்?"

மடியில் ஒரு நோயாளி

அந்தப் பால்கோவாக் கடையில் அடுப்பு பின்கட்டில்தான். புகையும் பால் ஆவியும் சேர்ந்து பிளாப்பி டிரைவ் அடைத்துக்கொள்ளும். பிளாப்பியில் மாற்றத்தைக் கொண்டுபோய்ப் போட வழியில்லாமல், பெட்டியையே கழற்றி இராஜபாளையத்துக்குத் தூக்கி வர வேண்டும், திரும்பக் கொண்டுபோக வேண்டும். ஆட்டோவில் போனால் குலுங்குகிறது என்று டவுன் பஸ்ஸில்தான் போவேன். இடி படாமல் இருக்கட்டும் என்று பேண்டேஜ் துணி முதலாளி மிஞ்சிய துணியெல்லாம் கொடுத்திருந்தார். நாலு சுற்று சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் பத்திரமாக இருக்கும்.

பக்கத்து சீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு அம்மா ரொம்ப நேரம் அந்த வெள்ளைக் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தையும் பார்த்தார். அன்று சரியான தூக்கம் இல்லை, முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். மெதுவாக என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். லக்கேஜ் டிக்கெட் கேட்கத்தான் வந்தார், கட்டைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "புள்ளைக்கு டிக்கெட் வேண்டாம்மா, நல்லபடியாக் கொண்டு போயிச் சேருங்க."

யார் வீட்டுப் பிள்ளை

தொண்ணூற்றெட்டு வாக்கில் பத்திரிகைகளில் ஈ-காமர்ஸ், ஈ-காமர்ஸ் என்று எழுத ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு பொறி தட்டியது. கடைக்கு ஆள் வரவே வேண்டாம் என்றால் நானும் போக வேண்டாம். பால்கோவா வெளிநாட்டுக்குப் போகும், புரோகிராம் தானாக ஓடும், அப்பாவின் வாய் அடைபடும். இராஜபாளையத்தில் அப்போது இன்டர்நெட் வேண்டுமென்றால் மதுரைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். போட்டேன். என்னைச் சென்னைக்கு இழுக்கக் காத்திருந்த அண்ணனே, பாவம், சர்வரில் இடம் பிடித்துக் கொடுத்தான். பால்கோவாக் கடைக்காக மாற்றிய புரோகிராமையே எடுத்து இன்டர்நெட்டுக்குத் தகுந்த மாதிரி திருத்தினேன். காலையில் கடையைத் திறந்ததும் கடைக் கம்ப்யூட்டரே போன் போட்டு, வெளியூருக்கு என்று ஒதுக்கிய இருப்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். அந்த அளவை அண்ணாச்சி தட்டி வைத்தால் போதும்.

அண்ணாச்சிக்குப் போட்டுக் காட்டினேன். படத்தில் இருந்த பால்கோவாவை உற்றுப் பார்த்தார். அவர் கடையில் யார் வந்து நின்றாலும் முதலில் ஒரு துண்டுத்தாளில் கொஞ்சம் வைத்து நீட்டுவார். வாயில் போட்டு, தலையை ஆட்டிய பிறகுதான் எவ்வளவு வேண்டும் என்ற பேச்சே. "படம் நல்லாத்தான் இருக்கு. வாயில போட்டுப் பாக்காம எப்படி வாங்குவான்?" என்றார். பிறகு கீழே இருந்த படிவத்தைப் பார்த்தார். பெயர், முகவரி, போன் நம்பர் என்று கேட்டிருந்தேன். "யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேக்கவே இல்லையே? எந்தத் தெரு?"

அமெரிக்காவில் இருக்கிறவனிடம் போய் எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டால் சிரிப்பான் என்றேன். அண்ணாச்சி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கடைசியில் அந்த இரண்டு கேள்வியையும் சேர்த்தேன். சேர்க்காமல் வந்த நாள் ஒன்று உண்டா எனக்கு? அதற்கு அவர் சொன்ன நியாயம் இதுதான்: "வெள்ளைக்காரனா பால்கோவா கேப்பான், டீச்சர்? இங்க பொறந்து அங்க போனவன்தான் கேப்பான். அப்ப அவனுக்கு இங்க ஒரு தெரு இருக்கும்ல?"

ஸ்டாக் போட்டாச்சா

வெப் சைட் ஆரம்பித்து ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தேன். கால் கிலோ, NALAIKKU VARUM. அரைக் கிலோ, NALAIKKU VARUM. ஒரு கிலோவும் அப்படியே. அண்ணாச்சிக்கு போன் போட்டு, வெளியூர் ஸ்டாக் போட்டீர்களா என்று கேட்டேன். "நாளைக்குப் போட்டிருவோம்" என்றார். பால் வரத்துக் குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கேட்டேன், முகூர்த்த நாள் கூட்டம் என்றார், நாளைக்கு என்றார். அதற்கடுத்த வாரம் காரணம்கூடச் சொல்லவில்லை, நாளைக்கு மட்டும் சொன்னார். இப்படியே சில மாதம் ஓடியது.

இதற்கிடையில் அண்ணன் சொன்ன கம்பெனியில் இருந்து எனக்கு வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. அப்பா முன்னே வைத்த கெடுவுக்கு இப்போது நாள் குறித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் ஓடி நிலைக்கு வருவதற்குள் அந்த சைட் ஏதாவது வழி காட்ட வேண்டும்; இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது. ரிட்டயர் ஆன ஒரு மனிதர், மகள் நாலு வருஷமாக நோயாளி மாதிரி ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய் வருவதை எவ்வளவு காலம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். கடையில் கூட்டமில்லை. ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்கிறீர்கள், என் பிழைப்பே இதில்தான் இருக்கிறது என்று கேட்டேவிட்டேன். அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார். "இங்க வாங்கிட்டுப் போறவன் சரக்கு புளிச்சுட்டா சாயங்காலமே வந்து ஏசிருவான். எனக்கும் தெரிஞ்சுரும். அமெரிக்காவுல ஏசினா எனக்குக் கேக்காதே. கேக்காத ஏச்சுக்கு நான் எப்படி, டீச்சர், பதில் சொல்ல?" அப்படியென்றால் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "உங்ககிட்டப் போயி இல்லன்னு சொல்ல எப்படி வாய் வரும்?"

அமெரிக்காவில் இருந்து

தேருக்கு முந்தின வாரம் சைட்டை மூடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மதுரைக்கு போன் போட்டு, லைன் அறுந்து, மறுபடி போட்டு, கடைசியில் கிடைத்தது. படிவத்தை நிரப்பி யாரோ எழுதியிருந்தார்கள். இத்தனை மாதத்தில் முதல் ஆள். தன் அப்பா பெயர், தெருவின் பெயர் எல்லாம் கேட்டபடி ஒழுங்காகப் போட்டிருந்தார். கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதியிருந்தார்:

"ஊர் பேரைப் போட்டு எவனோ ஏமாத்துறான்னுதான் முதல்ல நினைச்சேன். தினமும் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி பார்ப்பேன். தினமும் நாளைக்கு வரும்னே இருக்கு. யாரு வீட்டுப் பிள்ளைன்னு வேற கேக்கீங்க. இப்ப சந்தேகம் போயிருச்சு. இது எங்க ஊர்க் கடையேதான். வேற எவனும் இப்படி ஒரு கடை வைக்கமாட்டான்."

அச்சடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். இனி அண்ணாச்சி ஸ்டாக் போட்டே தீர வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம். அண்ணாச்சி என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஏமாற்று வேலை என்ற இடத்தில் சிரித்தார். தெருவின் பெயர் வந்ததும் நிமிர்ந்தார். "அட, அந்தப் பயலா. அவன் அக்கா மாப்பிள்ளை அடுத்த வாரம் அமெரிக்கா போறாருல்லா." அப்போதே ஒரு டப்பாவை எடுத்து நிரப்பி, நூல் போட்டுக் கட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் தனியாக வைத்தார். ஆர்டரை மட்டுமாவது சைட்டில் பதிவு செய்யலாமே என்று கெஞ்சினேன். "அது எதுக்கு, டீச்சர்? விக்கவா செய்யிறோம், நம்ம பிள்ளைக்குக் குடுத்து விடுதோம்."

தேர் நிலைக்கு வந்த மறுநாள்

இப்படியாக உலகத்துக்கே பால்கோவா விற்க நான் திறந்த கடை, ஒரு கிராம்கூட விற்காமல் தன் கடமையை முடித்தது. தேர் நிலைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் நான் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் இருந்து இழுத்து வைத்துவிட்டு, அந்த அமெரிக்கக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். நியாயத்துக்கு அவருக்கும் தெரிய வேண்டுமே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் புகார் படிக்கிற மாதிரி படித்தார். இங்கிலீஷ் எழுத்துத் தமிழ் என்பதால் ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டு முணுமுணுத்தார்.

"தினமும் பாத்திருக்கான்" என்றார். ஆமாம் என்றேன். "தினமும் அதுவும் பதில் சொல்லியிருக்கு." ஆமாம். "நீ எப்பக் கடைசியாப் போயி அதுல கை வச்ச?" ஆரம்பித்த வாரத்துக்குப் பிறகு தொடவே இல்லை, தொடும்படி யாரும் கேட்கவில்லை என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டு, அன்றைய பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்விட்டே கேட்டேன், கம்பெனியில் சேரச் சொன்ன தேதி நெருங்குகிறதே, சென்னைக்கு எப்போது கிளம்பட்டும் என்று. பேப்பருக்குப் பின்னால் இருந்து, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே அப்பா சொன்னார்: "நாளைக்குப் பாப்போம்."

என் தொழிலில் நான் கண்ட சுருக்கம் இவ்வளவுதான்: இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் ஒருவரும் என்னிடம் இல்லை என்று சொன்னதில்லை, சரி என்றும் சொல்லித் தொலைத்ததில்லை.